தருமச் சபையும் அரசினர் பணமும்: இங்கிலாந்தின் அக்கடமிப் பாடசாலைகள்

நம்முடைய சைவ உபாத்தியாயர்களுட் பலர், தந்தைமார் பாட்டன்மார் வாயிலாகக் கேட்டறிந்த பரிபாலன முறை ஒன்று உண்டு. ஒரு சங்கம் பாடசாலையை நடத்தும். அரசினர் உபாத்தியாயர் சம்பளத்துக்கு உதவி நன்கொடை அளிப்பர். சங்கத்தின் மனேச்சர் இருவர்க்கும் நடுவே நிற்பர். இலங்கையிலே இம்முறை 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் முடிவெய்திற்று. முடிந்துபோன விஷயத்தை இன்று எடுத்துப் பேசுவானேன் என்பார்க்கு விடை யாதெனில், இங்கே முடிந்த அம்முறை, அதனை நமக்குக் கற்பித்த இங்கிலாந்து தேசத்திலே 2002ஆம் ஆண்டு தொடக்கம் வேறொரு வடிவத்தோடு மீள எழுந்து, அத்தேசத்துக் கல்வியின் பெரும்பகுதியைத் தன்னுள் அடக்கிக்கொண்டமையாம். இன்று அங்குள்ள இரண்டாந்தரப் பாடசாலைகளிற் பத்தில் எட்டுக்கு மேற்பட்டவையும், ஆரம்ப பாடசாலைகளிற் பத்தில் நான்குக்கு மேற்பட்டவையும் தருமச் சபைகளால் அரசினர் பணங்கொண்டு நடத்தப்படுகின்றன.

பாடசாலைகளைச் சங்கங்களிடமே திருப்பிக் கொடுத்தாற் கல்வி செழிக்கும் என்று மேடையிற் பேசுவோரை யாம் கேட்டிருக்கின்றோம்; கொடுத்தாற் கெட்டுவிடும் என்போரையும் கேட்டிருக்கின்றோம். இரு திறத்தாரும், அவ்வாறு நடத்துகின்ற ஒரு தேசத்தின் சட்டங்களையும் உடன்படிக்கைகளையும் எடுத்து வாசித்துப் பேசுவதாகத் தோன்றவில்லை. அவற்றைச் சிறிது வாசித்துப் பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம்.

முதலிலே தொடக்கத்தை அறிதல் வேண்டும். அது சென்னையிலே உள்ளது. ஸ்கொத்லாந்து தேசத்தவராகிய அன்றூ பெல் என்னும் பாதிரியார், 1789ஆம் ஆண்டிலே சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் அநாதைப் பிள்ளைகளின் பாடசாலைக்கு மேற்பார்வையாளரானார். அங்கே உபாத்தியாயர் போதாமையால் அல்லற்பட்ட அவர், ஒருநாள் நாட்டுப் பள்ளிக்கூடம் ஒன்றிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுதலைக் கண்டார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தலாகிய முறையைத் தம்முடைய பாடசாலையிலும் வைத்தார். சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. அவர் 1797ஆம் ஆண்டிலே இதனை ஒரு சிறு நூலாக இலண்டனில் வெளியிட, அது ‘சென்னை முறை’ என்று பெயர் பெற்றது. 1811ஆம் ஆண்டிலே இங்கிலாந்துத் திருச்சபையார் நாட்டுச் சங்கம் ஒன்றை நிறுவி, அம்முறையைக் கைக்கொண்டு ஊர்தோறும் பாடசாலை வைத்தனர். ஜோசப் லங்காஸ்டர் என்பவர் வழியினர் பிரித்தானிய அந்நிய பாடசாலைச் சங்கம் என்னும் வேறொரு சங்கத்தை நடத்தினர். ஒரு தேசம் முழுவதற்கும் பாடசாலைகளைக் கொத்தாக நடத்தும் தருமச் சங்கங்கள் அங்கே இவ்வாறு வேரூன்றின. நம்முடைய திண்ணையின் மணல் அவ்வேரிலும் ஒட்டியிருந்தது.

அரசினர் பணம் முதன்முதல் 1833ஆம் ஆண்டிலே வந்தது. பாராளுமன்றம் 20,000 பவுண் ஒதுக்கிற்று. அதனைப் பகிர்ந்து கொடுக்கத் தனக்கென ஒரு கல்விப் பகுதி இல்லாமையால், மேற்சொன்ன இரண்டு சங்கங்களின் வாயிலாகவே கொடுத்தது. ஆறு ஆண்டுகளின் பின்னர், 1839இல், பணம் எப்படிச் செலவாகின்றது என்று பார்க்க ஒரு குழுவும் வித்தியாதரிசிகளும் தோன்றினார்கள். பணம் முன்னே போக, கணக்குக் கேட்போன் பின்னே போன இந்த ஒழுங்கு இக்கதை முழுவதிலும் திரும்பத் திரும்ப வரும்.

1862ஆம் ஆண்டு விதிகளை இங்கே சற்று நின்று பார்த்தல் தகும். பரீட்சைப் பேற்றின்படி பணம் என்பது அவ்விதிகளின் கருத்து. ஒரு பிள்ளை ஒழுங்காக வந்தால் 4 சிலிங். வாசிப்பு, எழுத்து, கணக்கு என்னும் மூன்றிலும் தேறினால் மேலும் 8 சிலிங். ஒன்றிலே தவறினால் 2 சிலிங் 8 பென்ஸ் வெட்டு. வித்தியாதரிசி வரும் நாளிலே காய்ச்சலோடு கிடக்கும் பிள்ளையையும் போர்வை சுற்றித் தூக்கிவந்து வகுப்பில் இருத்தினார்கள் என்று அக்காலத்து நிலையைச் சொல்வார்கள். இந்த முறையையே 1869ஆம் ஆண்டிலே கல்விப் பகுதி ஏற்பட்டபின் இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். நம்மூர்ப் பழைய உபாத்தியாயர்கள் வித்தியாதரிசி என்ற சொல்லைக் கேட்டவுடன் சால்வையைச் சரிசெய்துகொண்டமைக்குக் காரணம் இதுவே.

பின் நிகழ்ந்தவற்றை விரைந்து கடக்கலாம். 1870ஆம் ஆண்டுச் சட்டம், சங்கங்கள் பாடசாலை வையாத இடங்களில் மக்கள் தெரிந்தெடுத்த சபைகள் வைக்குமாறு செய்தது. 1902ஆம் ஆண்டுச் சட்டம் அச்சபைகளை நீக்கி, உள்ளூராட்சிச் சபைகளிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தது. 1944ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபைப் பாடசாலைகளை இருவகையாக வகுத்தது. கட்டடச் செலவிற் பாதியைத் தாமே தருவோர்க்குச் சமய போதனையிலும் உபாத்தியாயர் நியமனத்திலும் மிகுந்த உரிமை. தர இயலாதார்க்குக் குறைந்த உரிமை. அந்தப் பாதி பின்னர்ப் படிப்படியாய்க் குறைந்து இன்று பத்தில் ஒன்றாய் நிற்கின்றது. உரிமையோ குறையவில்லை. இதனைக் கவனித்துக்கொள்க.

இனி அக்கடமிக்கு வருவோம். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளூராட்சிச் சபைக்கு உட்படாத தொழில்நுட்பக் கல்லூரிகள் பதினைந்து தோன்றின. அவற்றை முன்மாதிரியாகக் கொண்டு 2000ஆம் ஆண்டிலே நகர அக்கடமி என்னும் ஏற்பாட்டை அக்காலத்துக் கல்வி மந்திரி டேவிட் பிளங்கட் அறிவித்தார். நகரங்களிலே பல்லாண்டாய்த் தேறாத பாடசாலைகளை மூடி, அவ்விடத்திலே புதிய பாடசாலையை ஒரு தருமவான் பொறுப்பில் வைப்பது அதன் கருத்து. அத்தருமவான் 20 இலட்சம் பவுண் வரை தருதல் வேண்டும். எஞ்சிய கட்டடச் செலவும் ஆண்டுதோறும் நடத்துஞ் செலவும் அரசினருடையன. முதல் மூன்று அக்கடமிகள் 2002ஆம் ஆண்டு செப்டெம்பரில் திறக்கப்பட்டன. சில ஆண்டுகளில் அந்த 20 இலட்ச நிபந்தனையும் நீக்கப்பட்டது. தருமவான் பணம் தரவேண்டாம். தருமவானாக இருந்தாற் போதும் என்றாயிற்று!

2010ஆம் ஆண்டு நடுப்பகுதியில் இருநூறளவிலே இருந்த இவை, அவ்வாண்டின் அக்கடமிச் சட்டத்தால் ஆயிரக்கணக்காயின. தேறாத பாடசாலைக்கு என்று தொடங்கிய மருந்தை நன்றாய்த் தேறிய பாடசாலைகளும் கேட்டுப் பெறலாம் என்று அச்சட்டம் சொல்லிற்று. 2016ஆம் ஆண்டுச் சட்டமோ, வித்தியாதரிசிகளால் மிகக் குறைவானது என மதிக்கப்பட்ட உள்ளூராட்சிப் பாடசாலை கட்டாயமாக அக்கடமியாதல் வேண்டும் என்றது. எல்லாப் பாடசாலைகளையும் 2022க்குள் மாற்றிவிடுவோம் என்று 2016 மார்ச்சில் அரசினர் வெளியிட்ட எண்ணம், எதிர்ப்பு மிகுந்தமையால் இரண்டு மாதத்துள்ளே கைவிடப்பட்டது. இன்று ஒரு பாடசாலை மாத்திரம் உள்ள சபைகளும் உண்டு. தொண்ணூறுக்கு மேற்பட்ட பாடசாலைகளை நடத்தும் சபையும் உண்டு. அப்பெரிய சபை, 1883ஆம் ஆண்டிலே திருச்சபைப் பாடசாலைக் கூட்டம் என்று தோன்றிய ஒரு பழைய தருமத்தின் வழியில் வந்ததாகும்.

இச்சபையின் அமைப்பை உபாத்தியாயர்கள் நுணுகி அறிதல் வேண்டும். சட்டத்தின்முன் அது ஒரு கம்பனி. பங்குகள் இல்லாத கம்பனி. அதனோடு ஒரு தருமமுமாம். அதன் உச்சியில் அங்கத்தவர் சிலர் உளர். சபை கடனோடு கலைந்தால் ஒவ்வோர் அங்கத்தவரும் தம் கையிலிருந்து தரவேண்டிய தொகை 10 பவுணுக்கு மேற்படாது என்று அமைப்புப் பத்திரம் கூறும். கோடிக்கணக்கான பவுண் செலவிடும் சபைக்கு உச்சியில் உள்ளவர் பொறுப்பு 10 பவுண்! அங்கத்தவர் பலரைத் தருமகர்த்தராக நியமிப்பர். தருமகர்த்தர் சம்பளம் பெறுதல் இல்லை. அவர்களுக்குக் கீழே நிருவாகத் தலைவர் ஒருவர் சம்பளத்துக்கு இருப்பர். பெரிய சபைகள் சிலவற்றில் அவருடைய சம்பளம் அத்தேசத்துப் பிரதம மந்திரியின் சம்பளத்தினும் மிகுதி. மற்றைத் தருமங்களைக் கண்காணிக்கும் தரும ஆணையாளரிடம் இச்சபைகள் பதிவதில்லை. கல்வி மந்திரியே அந்த வகையிலும் கண்காணிப்பாளர். பணம் கொடுப்பவரும் கண்காணிப்பவரும் ஒருவரே ஆதல் நன்றோ தீதோ என்று அங்கே நெடுநாளாய் வாதம் நிகழ்கின்றது.

சபைக்கும் மந்திரிக்கும் இடையே நிதியுடன்படிக்கை என்னும் பத்திரம் உண்டு. சபை முழுவதுக்கும் ஒரு பெரிய பத்திரம். பாடசாலை ஒவ்வொன்றுக்கும் ஒரு துணைப் பத்திரம். முடித்துக்கொள்ள விரும்பினால் வழக்கமாக ஏழு ஆண்டு முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். பிள்ளைகளின் தொகையைக் கொண்டு கணித்த பணம், உள்ளூராட்சிச் சபையின் ஊடாக வராமல் நேரே வரும். உள்ளூராட்சிச் சபைக்குரிய நிலமும் கட்டடமும் 125 ஆண்டுக் குத்தகையில் தருமச் சபைக்குக் கொடுக்கப்படும். ஆண்டுக் குத்தகை, அந்நாட்டுச் சட்ட வழக்குப்படி, ஒரு மிளகு. கேட்டால் மாத்திரம் கொடுக்கவேண்டியது. நம்மூர் மிளகு அங்கே ஒரு பாடசாலையின் விலைக்கு நிற்கின்றது என்று வகுப்பிலே சொன்னாற் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரித்தபின் மறவார்கள்.

இனிச் சொல்லப்போவது இப்பாடத்தின் உயிர்நிலை. பல பாடசாலைகளை நடத்தும் சபையிலே, தனிப் பாடசாலை சட்டத்தின்முன் ஓர் ஆள் அன்று. உபாத்தியாயருடைய நியமனப் பத்திரம் சபையோடு. சில பத்திரங்களில், சபையின் வேறொரு பாடசாலைக்கு மாற்றப்படலாம் என்ற வாசகமும் உண்டு. வங்கிக் கணக்கு சபையினது. கரும்பலகை, நாற்காலி, நூல்நிலையத்து நூல் எல்லாம் சபையினது. பாடசாலை தோறும் ஊரார் சிலர் கூடிய ஒரு குழு இருக்கலாம். அதன் அதிகாரம் தருமகர்த்தர் பகிர்ந்து கொடுத்த அளவினது. கொடுத்தவர் திரும்ப எடுத்துக்கொள்ளவும் கூடும். நூற்றைம்பது ஆண்டு ஓர் ஊரிலே நின்ற பாடசாலையும் இச்சபையிற் சேர்ந்த நாள்தொட்டுத் தானாக வெளியேற இயலாது. மந்திரியின் உடன்பாட்டோடு சபையே வேறொரு சபையிடம் கையளித்தால் மாத்திரம் அது போகும். வாயிலிலே பழைய பெயர் இருக்கும், அப்பெயர் வழக்காட மாட்டாது, கையொப்பமிட மாட்டாது, தன் பணத்தைக் காட்டு என்று கேட்கவும் மாட்டாது.

இதன் நன்மையைச் சொல்லாது விடுதல் நீதியன்று. அறுபது பிள்ளைகள் படிக்கும் ஒரு கிராமப் பாடசாலை இருக்கின்றது என்று வைத்துக்கொள்வோம். அதன் கூரை ஒழுகினால் அதன் பணப்பெட்டியில் அதற்கு இடமில்லை. கணிதம் வல்ல ஓர் உபாத்தியாயரை அது தனியே வைத்துக்கொள்ள மாட்டாது. தலைமையாசிரியர் பிணிப்பட்டால் அவருடைய இடத்தில் நிற்பார் இல்லை. பத்துப் பாடசாலைகள் ஒரு சபையின்கீழ் இருந்தால் அவ்வுபாத்தியாயர் கிழமையில் இரண்டு நாள் அங்கும் செல்வார்; அயற்பாடசாலைத் துணைத்தலைவர் ஒரு தவணைக்கு வந்து நிற்பார். யாமும் தனித்துத் தலைமையாசிரியராயிருந்த காலத்தில், இரவிலே ஒரு சந்தேகம் கேட்க இன்னொரு தலைமையாசிரியர் இல்லாமையை உணர்ந்திருக்கின்றோம். தேறாத நகரப் பாடசாலைகளுக்குப் பதிலாகத் தொடக்கத்தில் எழுந்த அக்கடமிகளிற் பிள்ளைகளின் தேர்ச்சி உயர்ந்தது என்றும், 2010க்குப்பின் மாறிய நல்ல பாடசாலைகளில் அத்தகைய பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்றும் ஆராய்ந்தோர் கூறுகின்றனர். ஆதலால் மருந்தே தீது என்று கூறுவார் வழக்கு நில்லாது.

சபை இந்த உதவிகளுக்காகப் பாடசாலை ஒவ்வொன்றின் பணத்திலிருந்தும் ஒரு பங்கை மேலே எடுத்துக்கொள்ளும். பல இடங்களில் அது நூற்றுக்கு ஐந்தை ஒட்டியிருக்கும். சில சபைகள் பங்கு எடுப்பதற்குப் பதிலாக எல்லாப் பாடசாலைகளின் பணத்தையும் ஒரே குளத்திற் பாய்ச்சித் தாம் விரும்பியவாறு மடை திறக்கின்றன. சட்டம் இரண்டையும் அனுமதிக்கின்றது. நம்முடைய வயற்காரர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை. வாய்க்காலின் கடைசியில் வயல் உள்ளவனுக்கு மடைக்காரன் நல்லவனாதலே வரம்பு.

மடைக்காரன் தவறின் யாது நிகழும் என்பதற்கு 2017ஆம் ஆண்டு ஒரு சாட்சி. யோர்க்சயர்ப் பகுதியில் 21 பாடசாலைகளை நடத்திய வேக்பீல்ட் நகர அக்கடமிச் சபை, அவ்வாண்டு செப்டெம்பரில், புதிய வருஷப் படிப்புத் தொடங்கிச் சில நாட்களுள், தன்னால் இனி நடத்த இயலாதென்று அறிவித்தது. பாடசாலைகள் சேமித்து வைத்திருந்த பணம், சபை வீழ்வதற்கு முன்னரே சபையின் பொதுக் கணக்குக்குப் போய்விட்டது என்று பெற்றார் முறையிட்டனர். ஊர்ப்பிள்ளைகளுக்காக ஊரார் கூட்டிய பணமும் அதனுட் கலந்திருந்தது என்றனர். பாடசாலைகளை வேறு சபைகள் ஏற்றன. ஒரு பிள்ளையும் தெருவில் நிற்கவில்லை. ஆயினும், அப்பணத்தைக் கேட்டு வழக்காடப் பாடசாலைக்கு ஆள்தன்மை இல்லை. முறையிட்டவர் பெற்றார், கேட்டவர் பாராளுமன்ற அங்கத்தவர், மறுமொழி சொல்லவேண்டியது மந்திரியின் பகுதி.

அரசினர் ஒன்றுஞ் செய்யாதிருந்தனர் என்று கொள்ளற்க. ஒவ்வொரு சபையும் ஓகஸ்ட் 31இல் முடியும் ஆண்டுக்குப் பரிசோதிக்கப்பட்ட கணக்கை வெளியிடுதல் வேண்டும். தருமகர்த்தரோ அவர் உறவினரோ சபைக்குப் பொருள் விற்றால் இலாபமின்றி விற்றல் வேண்டும் என்று 2013ஆம் ஆண்டிலும், அத்தகைய கொடுக்கல் வாங்கலை முன்னதாக அறிவித்தல் வேண்டும், பெருந்தொகைக்கு அனுமதியும் பெறுதல் வேண்டும் என்று 2019ஆம் ஆண்டிலும் விதி வகுத்தனர். மைத்துனரின் கடையிலே கதிரை வாங்கும் வழக்கம் யாழ்ப்பாணத்துக்கு மாத்திரம் உரியதன்று போலும்! வித்தியாதரிசிகளாகிய ஒப்ஸ்டெட்டார் பாடசாலையின் வகுப்புக்களைப் பரிசோதித்தனரேயன்றிச் சபையைச் சபையாகப் பரிசோதிக்கும் அதிகாரம் நெடுங்காலம் பெற்றிருக்கவில்லை. உபாத்தியாயர் சம்பளத்தில் தேசத்துக்குப் பொதுவான அளவைக் கைக்கொள்ளும் கடமையும் சபைகளுக்கு விதிக்கப்பட்டிருக்கவில்லை; 2012ஆம் ஆண்டு தொடக்கம் தகுதிப் பத்திரம் இல்லாதாரையும் உபாத்தியாயராக வைக்கலாம் என்று விட்டிருந்தார்கள். 2024 டிசம்பரிலே பாராளுமன்றத்துக்குக் கொண்டுவரப்பட்ட மசோதா இவற்றிற் சிலவற்றைத் திரும்பவும் கட்டுப்படுத்தும் நோக்கத்தோடு வந்தது. பணம் முன்னே, கணக்குக் கேட்போன் பின்னே என்று மேலே கூறினோம் அல்லவா?

இக்கூட்டத்தில் ஒருசாரார் மாத்திரம் சற்று நிமிர்ந்து நிற்கக் காண்கின்றோம். அவர் திருச்சபைப் பாடசாலையினர். 1841ஆம் ஆண்டிலே பாடசாலை நிலச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஊரிலே நிலமுடையார் ஒருவர் ஓர் ஏக்கர் வரை ஏழைப்பிள்ளைகளின் பாடசாலைக்கு எளிதிலே தருமசாதனம் செய்துகொடுக்க அது வழிசெய்தது. பாடசாலை நின்றுபோனால் நிலம் கொடுத்தவருடைய பரம்பரைக்கு மீளும் என்றும் விதித்தது. அவ்வாறு பெற்ற நிலங்கள் பலவற்றைத் திருச்சபைத் தருமகர்த்தர் இன்றும் வைத்திருக்கின்றனர். அத்தகைய பாடசாலை அக்கடமியாகும்போது நிலம் சபைக்குக் குத்தகையாய்ப் போவதில்லை. தருமகர்த்தர் தம் நிலத்தில் நடத்துவதற்கு அனுமதி கொடுப்பர், அவ்வளவே. சமயத் தன்மையைக் காப்பதற்கு அங்கத்தவரையும் தருமகர்த்தரையும் நியமிக்கும் உரிமையையும் அமைப்புப் பத்திரத்தில் எழுதிக்கொள்வர். பணத்தின் பெரும்பகுதி எங்கும் அரசினருடையது. வாயிலிற் பெயர் எங்கும் ஊராருடையது. வேற்றுமை உறுதியில் உள்ளது. யான் மிஷன் பாடசாலையிற் கற்றவன். அங்கே அலுவலகத்து மூலையில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. அதனுள் யாது இருக்கின்றதென்று அக்காலத்தில் எமக்குத் தெரியாது. சமயத்தாற் பிறரேனும், அப்பெட்டி விஷயத்தில் அவர் நமக்கு ஆசிரியராதல் தகும்.

இந்துக்களும் அங்கே இம்முறையிற் புகுந்திருக்கின்றனர். அரசினர் பணத்தில் நடக்கும் முதல் இந்துப் பாடசாலையாகிய கிருஷ்ண அவந்தி ஆரம்ப பாடசாலை 2008ஆம் ஆண்டிலே இலண்டனின் ஹரோப் பகுதியில் திறக்கப்பட்டது. அதனை உள்ளடக்கிய அவந்திப் பாடசாலைச் சபை பின்னர் வேறு பாடசாலைகளையும் நடத்தத் தொடங்கிற்று. 2019ஆம் ஆண்டிலே எக்சிற்றர், பிறிஸ்டல், புறூம் என்னும் ஊர்களில் வேறொரு கல்விக் கொள்கையின்படி நடந்து வித்தியாதரிசிகளின் கண்டனத்துக்குள்ளான மூன்று பாடசாலைகளையும் பொறுப்பேற்றது. அவை இந்துப் பாடசாலைகளாக மாற்றப்படவில்லை. சமயச்சார்பு இல்லாத பாடசாலைகளாகவே நடத்தப்பட்டன. இந்துக்கள் நிறுவிய சபை, இந்துப் பிள்ளைகள் அரிதாயிருக்கும் ஊரிலே இந்து சமயம் போதியாத பாடசாலையை நடத்துகின்றது. இது தருமத்தின் விரிவோ, அன்றி நோக்கத்தின் மாறுதலோ என்பதைப் பற்றி உபாத்தியாயர் சங்கத்தில் ஒரு மாலை முழுவதும் வாதிடலாம். எமக்கு விரிவென்றே தோன்றுகின்றது. நண்பர் பலர் உடன்படார்.

இலங்கைக் கதைக்கு மீள்வோம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள் 1848ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபோது அரசினர் பணம் இல்லை. பிடியரிசித் தருமமும் ஊரார் உதவியுமே இருந்தன. 1923ஆம் ஆண்டிலே தோன்றிய சைவ வித்தியாவிருத்திச் சங்கம் உதவி நன்கொடையைப் பெற்றுக் கிராமந்தோறும் பாடசாலை நடத்திற்று. அதனாலே எழுத்தறிந்தோர் பலருடைய மக்களே இதனை வாசிப்போர். ஆனால், மனேச்சர் முறையின் மறுபக்கத்தையும் மறைத்தல் கூடாது. எந்தையார் ஓர் உதவி நன்கொடைப் பாடசாலையில் இளம் உபாத்தியாயராயிருந்தார். சம்பளப் பத்திரத்தில் ஒரு தொகைக்குக் கையொப்பமிட்டு, அதிலே ஒரு பங்கைக் கட்டட நிதிக்கு என்று மேசைமேல் வைத்துவிட்டு வருவார். கட்டடம் எழுந்ததா என்று அம்மா கேட்பா. வேலி எழுந்தது என்பார் அப்பா. எல்லா மனேச்சரும் அத்தகையர் அல்லர். தம் காணியை ஈடுவைத்து உபாத்தியாயர்க்குச் சம்பளம் கொடுத்தோரும் இருந்தனர். நல்லவரையும் அல்லாதவரையும் பிரித்தறிவதற்கு உபாத்தியாயரிடம் ஒரு கருவியும் இருக்கவில்லை என்பதே எம் கருத்து.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் அங்கே பின்னர் நிகழ்ந்ததற்கு நேர்மாறான திசையிலே சென்றன. இங்கிலாந்திலே பொதுச்சபைகளின் பாடசாலை தருமச் சபைகளுக்குப் போக, இங்கே தருமச் சங்கங்களின் பாடசாலை அரசினர்க்குப் போயிற்று. பெரிய பாடசாலைகள் சில, அரசினர் பணத்தை இழந்து தனியே நிற்கத் துணிந்தன. எமக்குக் கல்வி தந்த மிஷன் பாடசாலையும் அவற்றுள் ஒன்று. மற்றவை கைமாறின. கைமாறியபோது, எந்த நிலம் எந்த நோக்கத்துக்காக எவராற் கொடுக்கப்பட்டது என்று சொல்லத்தக்க ஏடு பல சங்கங்களிடம் இல்லை. திருப்பிக் கேட்போரும், திருப்பிக் கொடுத்தல் ஆகாது என்போரும் முதலிலே அந்த ஏட்டைத் தேடுவாராக.

யாம் இக்கட்டுரையை எழுதத் தொடங்கிய பின்னர், இப்பொழுது கற்பிக்கின்ற பாடசாலையின் உறுதியைத் தேடிக் காணிக் கந்தோருக்கு மூன்று முறை போனோம். மூன்றாம் முறை ஒரு நல்ல இலிகிதர் பழைய புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டினார். நாலு பரப்புக் காணி. கொடுத்தவள் ஒரு கைம்பெண். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரல் அடையாளம். சைவப் பிள்ளைகள் எழுத்து வாசிப்புப் படித்தற்கு என்றும், கிணற்றில் அயற்குடிகள் தண்ணீர் அள்ளுதற்குத் தடையின்றி என்றும் எழுதப்பட்டிருந்தது. கிழக்கெல்லை ஒழுங்கை. அவ்வொழுங்கை இன்று தார் றோட்டு. கிணற்றுக்கு இரும்புவலை போட்டிருக்கின்றார்கள். உறுதியின் பிரதி ஒன்றுக்குப் பணங்கட்டி வந்திருக்கின்றோம். அடுத்த மாதம் வந்தெடுக்குமாறு சொன்னார்கள்.